லண்டன் இறக்கிய நாடகத்தை மெல்பர்ன் ஏற்றியது: காலனி மேடையில் வைல்டின் ‘எர்னஸ்ட்’

கேள்வி இது: “1895-ல் ஆஸ்கார் வைல்ட் கைதானதோடு அவருடைய ‘தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகம் நின்றுபோனது, அவர் இறந்த பிறகுதான் மறுபடி மேடைக்கு வந்தது என்று படித்தேன். பிரிட்டிஷ் காலனிகளிலும் அதே கதைதானா?”

இல்லை. நீங்கள் படித்தது லண்டனுக்குப் பொருந்தும். வைல்டுக்கு இரண்டு ஆண்டு கடின உழைப்புச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது 1895 மே 25. சரியாகப் பதினோரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 10 சனிக்கிழமை, அதே நாடகம் மெல்பர்னில் முதல்முறையாக ஆஸ்திரேலிய மேடை ஏறியது. ஏறியதுமே வெற்றி. அன்று அதை எழுதியவர் லண்டன் வாண்ட்ஸ்வொர்த் சிறையில் கைதி. இந்த நாடகத்தின் மேடை வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் 1895 மே மாதத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நேராக அடுத்த நூற்றாண்டுக்குத் தாவிவிடுவார்கள். அந்த இடைவெளி லண்டனின் இடைவெளி. அதை நாடகத்தின் இடைவெளியாகவே எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

நாடகம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜாக் என்ற வாலிபன் ஊருக்குள் நல்லபிள்ளை. லண்டன் போய் ஆட்டம் போடுவதற்காக ‘எர்னஸ்ட்’ என்று இல்லாத ஒரு தம்பியை உருவாக்கி வைத்திருக்கிறான். அவன் நண்பன் ஆல்ஜர்னனோ, பிடிக்காத விருந்துகளைத் தட்டிக்கழிக்க நிரந்தர நோயாளியான ஒரு கற்பனை நண்பனை வைத்திருக்கிறான். இரண்டு பெண்கள், இருவருக்கும் எர்னஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பிடிவாதம். நடுவில் லேடி பிராக்னெல் என்ற அத்தைக்காரி. விக்டோரியா ரயில் நிலையத்தில் ஒரு கைப்பைக்குள் விட்டுப்போன குழந்தையில் முடிச்சு அவிழும்.

1894 கோடையில் வொர்த்திங் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தபோது வைல்ட் இதை எழுதினார். ஜாக்கின் குடும்பப் பெயர் அந்த ஊரின் பெயர்தான். நான்கு அங்கமாக இருந்ததை நடிகரும் நிர்வாகியுமான ஜார்ஜ் அலெக்சாண்டர் மூன்றாகக் குறைக்கச் சொல்லி, 1895 பிப்ரவரி 14 அன்று செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் மேடையேற்றினார். ஜாக் வேடம் அவருக்கே. ஜாக் காதலிக்கும் குவென்டலன் வேடத்தில் ஐரீன் வான்ப்ரூ. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

அப்புறம் நடந்தது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். வைல்டின் நண்பர் ஆல்ஃப்ரெட் டக்ளஸின் தந்தை குவீன்ஸ்பெரி பிரபு முதல் காட்சியிலேயே ரகளை செய்ய வந்தார், போலீஸ் காவல் போட்டு உள்ளே விடாமல் தடுத்தார்கள். நான்கு நாள் கழித்து வைல்ட் உறுப்பினராக இருந்த கிளப்பில் அவதூறான அட்டை ஒன்றை விட்டுச் சென்றார். வைல்ட் அவர்மீது அவதூறு வழக்குப் போட்டார். வழக்கு திரும்பிப் பாய்ந்து, ஆண்களோடு உறவு வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் ஏப்ரல் 5 அன்று வைல்டே கைதானார். அலெக்சாண்டர் நாடகத்தைக் காப்பாற்ற முயன்றார். சுவரொட்டிகளிலிருந்தும் நிகழ்ச்சித் தாளிலிருந்தும் ஆசிரியர் பெயரை எடுத்தார். அப்படியும் கூட்டம் வரவில்லை. மே 8 அன்று நாடகத்தை நிறுத்தினார். அன்றைக்கு வைல்ட் குற்றவாளி என்று தீர்ப்பாகவில்லை. முதல் விசாரணையில் ஜூரிகள் ஒத்துப்போகாமல் கலைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நாடகத்தைச் சட்டம் தடை செய்யவே இல்லை, பார்வையாளர்கள்தான் கைவிட்டார்கள். நியூயார்க்கில் ஏப்ரல் 22 அன்று தொடங்கியது பதினாறே காட்சிகளில் முடிந்தது.

இனி மெல்பர்னுக்கு வருவோம். அங்கே இதை மேடையேற்றியது பிரஃப்-பூசிகோ நகைச்சுவை நாடகக் குழு. ராபர்ட் பிரஃப், டியன் பூசிகோ (இளையவர்) என்ற இருவரின் கூட்டு. இருவரும் நாடகக் குடும்பத்துப் பிள்ளைகள். பிரஃப்பின் தந்தை லயனல் பிரஃப் லண்டனில் பேர்போன நகைச்சுவை நடிகர். பூசிகோவின் தந்தை இன்னும் பெரிய ஆள். வைல்டைப் போலவே டப்ளினில் பிறந்தவர், 1841-ல் ‘லண்டன் அஷ்யூரன்ஸ்’ என்ற நகைச்சுவை நாடகத்தால் லண்டனைப் பிடித்தவர். பெரிய பூசிகோ 1885-ல் மகனையும் மகள் நீனாவையும் கூட்டிக்கொண்டு ஆஸ்திரேலியாவில் சுற்றுப்பயணம் செய்தார். சிட்னியில் குழுவின் இளம் நடிகை ஒருவரைத் திருமணம் செய்துகொண்டார். முந்தைய மனைவியோடு விவாகரத்து ஆகாமல் இருந்ததால் அது பெரிய பேச்சாகிவிட்டது. தந்தை புறப்பட்டுப் போனார், ‘டாட்’ என்று எல்லோரும் அழைத்த மகன் அங்கேயே தங்கிவிட்டார். 1886-ல் பிரஃப்புடன் சேர்ந்து மெல்பர்னில் குழு தொடங்கினார்.

பத்தே ஆண்டு நடந்த குழுதான். ஆனால் ஆஸ்திரேலிய மேடையில் வரவேற்பறை நகைச்சுவை என்றால் அவர்கள் பெயர்தான். லண்டனில் புதிதாக வந்த நல்ல நாடகங்களுக்கு உரிமை வாங்கி, அரங்க அமைப்பிலும் உடையிலும் குறை வைக்காமல், ஒரே நடிகர் கூட்டத்தோடு ஊர் ஊராக நடத்தினார்கள். ஆங்கில நாடக ஆசிரியர் பினெரோவின் நாடகங்களை அங்கே கொண்டுபோனதும் அவர்கள்தான். ஒரு பெரிய நட்சத்திரத்தை வரவழைத்து, மற்ற வேடங்களுக்குக் கிடைத்தவர்களைப் போட்டு ஒப்பேற்றும் வழக்கத்துக்கு நடுவில் இப்படிப் பழகிய கூட்டம் கிடைப்பது அரிது. ‘எர்னஸ்ட்’ மாதிரி நாடகத்துக்கு அதுதான் உயிர். அதில் யாரும் நாயகன் இல்லை. எதிரே நிற்பவர் ஒரு நொடி பிந்தினால் வசனம் செத்துப்போகும். மெல்பர்ன் வெற்றிக்கு முதல் காரணமாக நான் சொல்வது இந்தக் குழுவின் பழக்கத்தைத்தான். லண்டன் அவதூறைப் பற்றிய பரபரப்போ, ஆசிரியர்மீதான இரக்கமோ அதற்கு அடுத்துத்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அன்று அச்சில் இந்த நாடகம் கிடையாது. புத்தகமாக வந்தது 1899-ல், அதுவும் அட்டையில் வைல்ட் பெயர் இல்லாமல், ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ ஆசிரியர் எழுதியது என்ற குறிப்போடு. 1895-ல் ஒரு காலனிக் குழுவுக்கு நாடகம் வேண்டுமானால் உரிமையாளரிடம் பணம் கட்டி, தட்டச்சுப் பிரதியைக் கப்பலில் வரவழைக்க வேண்டும். 1833-ம் ஆண்டுச் சட்டப்படி நாடக ஆசிரியரின் மேடை உரிமை பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி முழுவதற்கும் செல்லும், எனவே திருட்டுத்தனமாகப் போடவும் வழியில்லை. தபால் கப்பல் சூயஸ் வழியாக, கொழும்பில் நின்று, மெல்பர்ன் வந்துசேர ஐந்தாறு வாரம் ஆகும். பிப்ரவரியில் லண்டனில் வெற்றி பெற்ற நாடகம் ஆகஸ்ட்டில் மெல்பர்னில் வருவது அந்தக் கணக்கில் மிகவும் வேகம்தான்.

ஆனால் செய்திக்கு அந்தத் தாமதம் இல்லை. 1872-லேயே ஆஸ்திரேலியா தந்தியால் லண்டனோடு இணைந்துவிட்டது. அந்தப் பாதை நம் ஊர் வழியாகத்தான் போனது: லண்டனிலிருந்து சூயஸ், ஏடன், பம்பாய், அங்கிருந்து தரைவழிக் கம்பியில் சென்னை, சென்னையிலிருந்து கடலடிக் கம்பியில் பினாங்கு, சிங்கப்பூர், ஜாவா, பிறகு டார்வின். ஒரு சொல்லுக்குச் சில ஷில்லிங் கட்டணம் என்பதால் செய்தி சுருக்கமாக வரும், ஆனால் சூட்டோடு வரும். ஆகவே மெல்பர்ன்காரர்கள் விவரம் தெரியாமல் நாடகம் பார்த்தார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். வழக்கும் தீர்ப்பும் முழுக்கத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் போனார்கள், சிரித்தார்கள்.

அது மெல்பர்னுக்கு நல்ல காலமும் இல்லை. 1880-களின் நிலவணிகப் பெருக்கம் வெடித்து, 1893 ஏப்ரல், மே மாதங்களில் வங்கிகள் வரிசையாகக் கதவடைத்த ஊர் அது. இரண்டு ஆண்டு கழித்தும் கை இறுகித்தான் இருந்தது.

இந்த நாடகத்தைக் காலனியில் வைத்துப் பார்ப்பதில் எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். நாடகத்துக்குள்ளேயே காலனிகள் இருக்கின்றன. இரண்டாம் அங்கத்தில் ஆல்ஜர்னன், ஜாக்கின் உருப்படாத தம்பி எர்னஸ்டாக நடித்துக்கொண்டு கிராமத்து வீட்டுக்கு வருகிறான். அங்கே ஜாக்கின் பொறுப்பில் வளரும் செசிலி, உன்னை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப் போகிறார்கள் என்கிறாள். அதற்குச் சாவதே மேல் என்கிறான் அவன். இந்த உலகம், மறு உலகம், ஆஸ்திரேலியா, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஜாக் மாமா சொல்லிவிட்டாரே என்கிறாள் அவள். மறு உலகத்தைப் பற்றியும் ஆஸ்திரேலியாவைப் பற்றியும் கேள்விப்பட்டது அவ்வளவு நன்றாக இல்லை, இந்த உலகமே எனக்குப் போதும் என்று அவன் முடிக்கிறான்.

லண்டன் மேடையில் இது தூரத்து ஊரைப் பற்றிய கேலி. மெல்பர்ன் மேடையில், சாவுக்கு அடுத்த இடம் என்று சொல்லப்படும் ஊரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் முன்னால் இதைப் பேச வேண்டும். உருப்படாத பிள்ளைகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவது மேல்தட்டு இங்கிலாந்தின் நிஜ வழக்கம். அப்படி வந்தவர்களை மெல்பர்ன்காரர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அதனால் இந்த வசனம் அங்கே அடிப்பது ஆஸ்திரேலியாவை அல்ல, இப்படிப் பேசுகிற அந்த இங்கிலாந்து மைனரைத்தான் என்பது என் வாசிப்பு. வைல்டுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. 1892-ல் மேடையேறிய அவருடைய ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’ நாடகத்தில் ஹாப்பர் என்ற ஆஸ்திரேலியப் பணக்கார இளைஞன் வருகிறான். அப்பா டப்பா உணவு விற்றுச் சம்பாதித்த சொத்து. தன் மகளை அவனுக்குக் கட்டிவைக்கத் துடிக்கும் சீமாட்டி, கங்காருக்கள் பறந்து திரியும் அழகான தேசம் என்று ஆஸ்திரேலியாவைப் புகழ்கிறாள். ரொம்ப இளைய நாடாமே என்றும் சொல்கிறாள். மற்ற நாடுகளையெல்லாம் படைத்தபோதுதானே அதையும் படைத்தார்கள் என்று ஹாப்பர் சாதுவாகக் கேட்கிறான். அந்தக் காட்சியில் ஜெயிப்பது ஹாப்பர்தான். பிரஃப்-பூசிகோ குழு இந்த நாடகத்தையும் அங்கே நடத்தியிருக்கிறது.

இந்தியாவும் இருக்கிறது. வீட்டு ஆசிரியை மிஸ் பிரிசம் வெளியே போகும்போது செசிலியிடம், பொருளாதாரப் பாடத்தைப் படி, ஆனால் ரூபாயின் வீழ்ச்சி பற்றிய அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடு, அது உணர்ச்சியைக் கிளப்பிவிடும் என்கிறாள். இன்று இந்த வரி வந்தால் பலர் பொதுவாகச் சிரித்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். 1895-ல் அது அன்றாடச் செய்தி. ஜெர்மனி தங்க நாணயத்துக்கு மாறியதும், அமெரிக்கச் சுரங்கங்களில் வெள்ளி குவிந்ததும் சேர்ந்து 1870-களிலிருந்து வெள்ளி விலை இறங்கிக்கொண்டே வந்தது. இந்திய ரூபாய் வெள்ளி நாணயம். இரண்டு ஷில்லிங் மதிப்பில் இருந்த ரூபாய் 1894-95-ல் ஒரு ஷில்லிங் ஒரு பென்னி அளவுக்கு வந்துவிட்டது. கல்கத்தாவிலோ சென்னை ஜார்ஜ் கோட்டையிலோ ரூபாயில் சம்பளம் வாங்கி, பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு இங்கிலாந்துக்குப் பணம் அனுப்பிய அதிகாரிக்கு அதில் ஏறக்குறைய பாதி காற்றில் போனது. இந்தியா ஒவ்வோர் ஆண்டும் லண்டனுக்குப் பவுண்டில் கட்ட வேண்டிய தொகைக்காக இங்கே இன்னும் அதிக ரூபாய் வசூலிக்க வேண்டியிருந்தது. அந்தச் சுமை கடைசியில் யார் தலையில் விழுந்தது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1893 ஜூன் 26 அன்று இந்திய நாணயச் சாலைகளில் பொதுமக்கள் வெள்ளியைக் கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் உரிமையை நிறுத்தினார்கள்.

இதற்கும் மெல்பர்னுக்கும் என்ன தொடர்பு என்றால், நேரடித் தொடர்பு. உலகின் பெரிய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்றான புரோக்கன் ஹில் ஆஸ்திரேலியாவில்தான் இருக்கிறது. 1885-ல் தொடங்கிய அதன் முக்கிய நிறுவனத்துக்குத் தலைமையகம் மெல்பர்ன். இந்தியா கதவை மூடியதும் வெள்ளி விலை மேலும் சரிந்தது, சுரங்கப் பங்குகள் அடி வாங்கின. அதாவது மிஸ் பிரிசம் ‘ரூபாயின் வீழ்ச்சி’ என்று சொல்லும்போது, லண்டன் அரங்கில் இந்தியாவில் மகன் இருப்பவருக்கு வலித்தது என்றால், மெல்பர்ன் அரங்கில் புரோக்கன் ஹில் பங்கு வைத்திருந்தவருக்கு வலித்திருக்கும். ஒரே வரி, ஒரே வெள்ளி, இரண்டு முனையில் இரண்டு வகைச் சிரிப்பு. லண்டன் மேடையை மட்டும் பார்த்து இந்த நாடகத்துக்கு உரை எழுதினால் இது விட்டுப்போகும்.

கடைசி அங்கத்தில் இன்னொன்று. ஜாக்கின் தந்தை ஒரு ஜெனரல் என்று தெரியவருகிறது. அவர் கொஞ்சம் ஒரு மாதிரியான ஆள்தான் என்று ஒப்புக்கொள்ளும் லேடி பிராக்னெல், அதற்குச் சொல்லும் காரணங்கள்: இந்தியத் தட்பவெப்பம், கல்யாணம், அஜீரணம். பெற்றோர் யாரென்று தெரியாமல் நாடகம் முழுக்கத் தவிக்கும் நாயகனுக்குப் பெயரும் அந்தஸ்தும் கிடைப்பது இந்தியாவில் இருந்து திரும்பிய ஒரு ராணுவ அதிகாரியின் பெயர் வழியாகத்தான். மேல்தட்டு இங்கிலாந்தின் வரவேற்பறைக்குக் காலனிகள்தான் அஸ்திவாரம் என்பதை வைல்ட் எங்கும் பிரசங்கம் செய்யவில்லை, கதையைக் கட்டிய விதத்திலேயே வைத்துவிட்டார்.

சரி, ஏன் காலனியில் நாடகம் பிழைத்தது? ஆஸ்திரேலியர்கள் லண்டன்காரர்களைவிடப் பெருந்தன்மையானவர்கள் என்று சிலர் எழுதுவார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அன்றைய ஒழுக்கக் கண்ணோட்டம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், சட்டமும் ஒரே அச்சில் வார்த்ததுதான். வித்தியாசம் வேறு இடத்தில். லண்டனில் அந்த நாடகத்துக்குப் போவது என்பதே ஒரு பக்கம் சாய்வதாகிவிட்டது. ஆசிரியர் அதே ஊரில் விசாரணைக் கூண்டில் நிற்கிறார், முன்வரிசையில் உட்காருபவர்களில் பலர் அவரோடு விருந்துண்டவர்கள், தாங்கள் அங்கே உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பார்களோ என்ற பயம். மெல்பர்னில் அந்தப் பயத்துக்கு வேலை இல்லை. அங்கே மக்கள் பார்க்கப் போனது வைல்டை அல்ல, பிரஃப்-பூசிகோ குழுவை. தங்களுக்குப் பிடித்த நடிகர்கள் புதிய நாடகம் போடுகிறார்கள், அவ்வளவுதான். பூசிகோவும் வணிகர். நட்டம் வரும் என்று தோன்றியிருந்தால் ஏற்றியிருக்கமாட்டார். ஆனால் தண்டனை உறுதியாகிப் பதினோரு வாரம் கழித்து ஏற்றினார் என்பதும் உண்மை. அந்த முடிவுக்கு உரிய மரியாதையை நாடக வரலாறு அவருக்குக் கொடுக்க வேண்டும்.

அதே குழு அதே ஆண்டு அக்டோபரில் நாடகத்தை நியூசிலாந்துக்குக் கொண்டுபோனது, அங்கும் நல்ல வரவேற்பு. 1896-ல் கூட்டு பிரிந்தது. பிரஃப் தன் பெயரிலேயே குழுவைத் தொடர்ந்தார், பிற்பாடு இந்தியா, சீனா வரை சுற்றுப்பயணம் போனார், 1906-ல் சிட்னியில் இறந்தார். பூசிகோ லண்டன் திரும்பினார். 1901-ல் அவர் திருமணம் செய்துகொண்டவர் யார் தெரியுமா? முன்னே சொன்ன ஐரீன் வான்ப்ரூ, லண்டன் முதல் காட்சியின் குவென்டலன். 1904-ல் ‘பீட்டர் பேன்’ நாடகத்தை முதன்முதலாக இயக்கியதும் இதே பூசிகோதான். அதில் பீட்டராக நடித்தவர் அவர் தங்கை நீனா. 1920-களில் கணவனும் மனைவியுமாக ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பவும் நாடகம் போட வந்தார்கள்.

லண்டன் பக்கத்தையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பெயரை அழித்ததற்காக அலெக்சாண்டரைத் திட்டுபவர்கள் அதிகம். வைல்ட் திவாலான பிறகு நாடக உரிமையை வாங்கியவர் அவர்தான். சட்டப்படி கட்டாயமே இல்லாதபோதும் வைல்டுக்குப் பணம் அனுப்பினார், உரிமையை வைல்டின் மகனுக்குத் திரும்பப் போகும்படி உயில் எழுதினார். வைல்ட் 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் இறந்தார். 1902-ல் அலெக்சாண்டர் நாடகத்தை மறுபடி செயின்ட் ஜேம்ஸில் ஏற்றியபோதும் ஆசிரியர் பெயர் ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன் எழுதியவர்’ என்றுதான் வந்தது. முழு வெற்றி கிடைத்தது 1909-ல்தான். அப்போது அலெக்சாண்டரும், முதலில் ஆல்ஜர்னனாக நடித்த ஆலன் ஐன்ஸ்வொர்த்தும் பதினான்கு ஆண்டுக்கு முன் போட்ட அதே வேடங்களில் நடித்தார்கள், முந்நூறு காட்சிகளுக்கு மேல் ஓடியது.

மெல்பர்னோடு இந்த நாடகத்தின் உறவு அதற்கப்புறமும் விடவில்லை. 1988-ல் மெல்பர்ன் தியேட்டர் கம்பெனிக்காக சைமன் பிலிப்ஸ் இயக்கிய ‘எர்னஸ்ட்’ ஆஸ்திரேலியாவில் இன்றும் பேசப்படுகிறது. லேடி பிராக்னெலாக ரூத் கிராக்னெல், ஜாக்காக ஜெஃப்ரி ரஷ். பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றிய தயாரிப்பு. 2011-ல் அதே கம்பெனியில், அதே இயக்குநரிடம், ஜெஃப்ரி ரஷ் மறுபடி அந்த நாடகத்துக்கு வந்தார். இந்த முறை லேடி பிராக்னெல் வேடம் அவருக்கு.